எஞ்சிய ஐந்து நாள்கள்

பயணத்தின் முதல் நாள்களில் மனிதன் இடங்களைப் பார்க்கிறான். நடு நாள்களில் தான் வந்த வேலையைப் பார்க்கிறான். கடைசி நாள்களில் நாள்காட்டியைப் பார்க்கிறான். கையிருப்புக் குறைந்த பிறகே காசை எண்ணிச் செலவழிக்கும் பழக்கம் வருகிறது. நாள்களும் அவ்வாறே. குறைந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் எண்ணம் பிறக்கிறது.

2024ஆம் ஆண்டு ஆவணித் திங்களில், மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து நாகப்பட்டினத்திற்கு வந்திருந்த ஆசிரியை ஒருவருக்கு அவ்வாறு எண்ணிப் பார்க்க ஐந்து நாள்கள் எஞ்சியிருந்தன. எழுபது வயது நிறைந்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முப்பது நாள் தங்கும் எண்ணத்துடன் கடற்கரைக்கு அருகில் ஒரு வீட்டின் மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தார். இருபத்தைந்து நாள்கள் அந்த அறை அவருக்கு உறங்கும் இடமாக மட்டுமே இருந்தது. விடிந்தால் பேருந்து நிலையம், இருட்டினால் அறை. கூப்பிடு தூரத்தில் கிடந்த கடலை இரவில் கேட்கும் ஓசையாக மட்டுமே அவர் அறிந்திருந்தார்.

அவர் கடலைக் காண வந்தவர் அல்லர். ஒரு வீட்டைக் காண வந்தவர்.

அந்த வீடு அவர் பிறந்த வீடும் அன்று. அவருடைய அண்ணன் பிறந்த வீடு. அவர்களுடைய தந்தை மலாயாவில் பால்மரம் சீவி வாழ்ந்தவர். 1941இல் ஊரைப் பார்த்துவர வந்தார். அவ்வாண்டு இறுதியில் போர் மலாயாவை எட்டியது, கடல்வழி அடைபட்டது. ஊரிலேயே தங்கி மணம் புரிந்துகொண்டார். 1943இல் மகன் பிறந்தான். மகனுக்கு ஆறு வயது ஆனபோது தாய் மறைந்தாள். 1949இல் தந்தை அச்சிறுவனை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி மீண்டும் மலாயாவுக்கே சென்றார். அங்கே மறுமணம் செய்துகொண்டார். அம்மணத்தின் வழி 1954இல் பிறந்தவரே ஆசிரியை.

தாய் வேறு என்ற எண்ணம் அண்ணன் தங்கை இருவருக்கும் என்றும் இருந்ததில்லை. தோட்டத்தில் வேலை செய்து தங்கையைப் படிக்க வைத்தவர் அண்ணன். ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று அவருக்குக் காலணி வாங்கிக் கொடுத்தவரும் அண்ணனே. இப்போது எண்பத்தோராம் வயதில் நாற்காலியை விட்டு எழ இயலாத நிலையில் இருந்தார். தங்கையிடம் அவர் வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று.

“என்னைப் பெற்றவள் முகம் எனக்கு நினைவில்லை. அவள் நடமாடிய வீட்டு மண்ணாவது ஒரு பிடி கொண்டு வா.”

அடையாளமாக அவர் சொன்னவை மூன்று. ஊரின் பெயர் புத்தூர். வீட்டின் பின்னே ஒரு குளம். குளக்கரையில் ஓர் இலுப்பை மரம். பழைய கடிதங்கள் எவையும் இல்லை. தோட்டத்து வீட்டில் ஒருமுறை புகுந்த வெள்ளம் அவற்றைக் கொண்டுபோயிருந்தது.

புதிதாகக் குடியேறிய ஊர்களைப் புத்தூர் என்று பெயரிட்டு அழைப்பது தமிழர் வழக்கம் என்று ஆசிரியை ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்து வந்தவர். அந்தப் பாடத்தின் பொருள் அவருக்கு இப்போதுதான் முழுமையாக விளங்கியது. ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள்! இருபத்தைந்து நாள்களில் மூன்று புத்தூர்களைக் கண்டார். கோவில் குருக்களைக் கேட்டார். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார். பதிவேடுகள் உள்ள அலுவலகங்களில் காத்திருந்தார். குளம் இருந்த ஊரில் இலுப்பை இல்லை. இலுப்பை இருந்த ஊரில் குளம் தூர்ந்து வீடுகளாகியிருந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனோடு கப்பலேறிய ஒருவரை நினைவில் வைத்திருப்போர் எவரும் இலர்.

மூன்றாம் ஊரில் முதியவர் ஒருவர் அவருடைய களைப்பைக் கண்டு மனம் இரங்கினார். தம் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கை மண்ணை அள்ளித் துணியில் முடிந்து கொடுத்தார். “எந்த மண்ணாக இருந்தால் என்ன அம்மா? அவர் மனம் ஆறட்டும்; கொண்டுபோங்கள்” என்றார். ஆசிரியை மறுக்கவும் இல்லை, மகிழவும் இல்லை. அந்த முடிச்சு அவருடைய பெட்டியின் ஓரத்தில் கிடந்தது. இரவில் விளக்கை அணைத்த பிறகும் அது அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

எஞ்சிய ஐந்து நாள்களில் முதல் நாள் காலை. வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்திற்குப் புறப்பட்டவர் தெருமுனையில் நின்றுவிட்டார். போவதற்கு ஊர் இல்லை. கால்கள் தாமாகவே கிழக்கே திரும்பின.

சுங்கை பட்டாணியிலிருந்து அவர் கண்டு வளர்ந்த கடல் மேற்கே இருப்பது. அங்கே கடல் என்றால் கதிரவன் மறையும் இடம். மாணவர்களை அழைத்துச் சென்று மாலை வரை விளையாடவிட்டு, சூரியன் நீரில் இறங்கியதும் தலைகளை எண்ணிப் பேருந்தில் ஏற்றியதே அவருக்குக் கடலைப் பற்றிய நினைவு. இங்கே அதே கடலின் மறுகரையில் கதிரவன் நீரிலிருந்து எழுந்தான். இருபத்தைந்து நாள்களாக இது நாள்தோறும் நிகழ்ந்திருக்கிறது. அவர் அப்போதெல்லாம் மேற்கே செல்லும் பேருந்தில் முதுகைக் காட்டி அமர்ந்திருந்தார்.

கரையில் படகுகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன. தங்கூசி வலைகளிலிருந்து ஆடவர்கள் மீனைக் கழற்றினர். பெண்கள் ஏலம் கேட்டனர். குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் ஓடிய அந்த ஏலத்தில் எவர் வென்றார், எவர் தோற்றார் என்பது ஆசிரியைக்கு விளங்கவே இல்லை. கூடையோடு வந்த ஒரு பெண்மணி அவர் திகைத்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். சங்கரா மீனின் செவுளை விரலால் தூக்கிக் காட்டி, “சிவப்பா இருந்தா இன்னைக்குப் பட்ட மீன்; பழுப்பேறினா நேத்துப் பட்டது. வாங்குங்க டீச்சரம்மா” என்றார். தாம் ஆசிரியை என்பது எப்படித் தெரியும் என்று வியந்தார் வந்தவர். “கேக்கும்போதே பாடம் கேக்கற மாதிரி கேக்கறீங்களே!” என்றார் மீன்காரப் பெண்மணி.

அன்று முதல் ஆசிரியை நாள்தோறும் விடியுமுன்பே கரைக்கு வந்தார். பார்ப்பதற்குப் பட்டியல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தேய்பிறைக் காலம், இரண்டாம் நாள் வைகறையில் மெலிந்த நிலா கடல்மீது தொங்கியது. பகலில் நிலத்திலிருந்து வீசிய மேல்காற்று அனலாய்க் காய்ந்தது. பிற்பகலில் அது ஓய்ந்து கடற்காற்று திரும்பும் அந்தக் கணத்தை மீனவர் வீட்டுச் சிறுவரும் அறிந்திருந்தனர். கயிற்றில் உலர்ந்த சேலைகள் மேற்கே சாய்ந்தால் கடற்காற்று வந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் நாள் ஆசிரியையும் அதைக் கண்டுகொண்டார். இத்தனை வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சி அவருக்கு உண்டாயிற்று.

இந்த ஊரைப் பற்றி அவர் அறியாதவர் அல்லர். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரச மரபினர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் புத்தப்பள்ளியை எழுப்பினர். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைச் சோழன் வழங்கினான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்றதால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. 1025ஆம் ஆண்டளவில் ராஜேந்திரன் கடல்கடந்து கடாரத்தை வென்றான். அந்தக் கடாரமே இன்றைய கெடா என்பர் ஆய்வாளர். கடாரத்து மாணவர்களுக்கு நாகப்பட்டினத்தின் கதையை ஆண்டுதோறும் சொன்னவர் ஆசிரியை. இப்போது கடற்கரையில் நின்று, “அந்த விகாரம் எங்கே இருந்தது?” என்று எவரையேனும் கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. விகாரத்தின் எச்சம் எனக் கருதப்பட்ட ஒரு செங்கற் கோபுரம் நெடுங்காலம் நின்றது; அதுவும் 1867இல் இடிக்கப்பட்டது. அரசர்கள் கட்டியதற்கே அடையாளம் இல்லாதபோது, ஒரு தொழிலாளியின் ஓட்டு வீட்டிற்கு அடையாளம் தேடிய இருபத்தைந்து நாள்களை எண்ணி அவர் தமக்குள் முறுவலித்தார்.

கப்பலும் போய்விட்டது. ரஜூலா 1926இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று இந்தக் கடலைக் கடந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வர இயலாது; தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் தோணிகளில் ஏறி, அலைமீது எழுந்தும் விழுந்தும் கப்பலை அடைவார்கள். பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் தீவிபத்துக்கு உள்ளாயிற்று. அத்துடன் அந்தக் கப்பற் பயணமும் முடிந்தது. ஒரு வாரக் கடற்பயணம் இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து நான்கு மணி நேர வான்பயணமாகச் சுருங்கிவிட்டது. விமானத்தில் ஏறுவோருக்குக் கரை மெல்ல மெல்லச் சிறுத்து மறையும் காட்சி கிட்டுவதில்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், வியாபாரம் முடித்து வெறுங்கூடையுடன் திரும்பிய மீன்காரப் பெண்மணி ஆசிரியையின் அருகில் மணலில் அமர்ந்தார். எதற்காக இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஆசிரியை எல்லாவற்றையும் சொன்னார். துணியில் முடிந்த மண்ணைப் பற்றியும் சொன்னார். “அதைக் கொடுத்துவிட்டால் அவர் நிம்மதியாக இருப்பார். கொடுக்கலாமா என்றுதான் தெரியவில்லை” என்றார்.

பெண்மணி உடனே விடை சொல்லவில்லை. பாத்திரத்தில் இருந்த நீரால் கைகளைக் கழுவிக்கொண்டார். பிறகு தம் கதையைச் சொன்னார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் ஆழிப்பேரலை ஏறிய நாள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருடைய மகளுக்கு அப்போது எட்டு வயது.

“எல்லாரையும் சேத்துத்தான் பொதச்சாங்க டீச்சரம்மா. ஆளாளுக்குக் குழி தோண்ட நேரம் ஏது? எந்தப் பக்கம் என் புள்ள இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு பிடி மண்ணு எடுத்தா அதுல யார் புள்ள இருக்கும்? வருசா வருசம் அந்த நாள்ல எல்லாரும் கடல்ல பால் ஊத்துறோம். எடம் தெரியலங்கறதை நான் மாத்திச் சொல்லிக்கிறது இல்ல. தெரியலன்னுதான் சொல்லிக்கிறேன். அதோடதான் இருக்கேன்.”

சொல்லி முடித்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். “நாளைக்கு நண்டு வரும்; வாங்க” என்று கூறி நடந்தார். ஆசிரியை அந்தி மங்கும் வரை அங்கேயே அமர்ந்திருந்தார். ஆறுதல் சொல்லத் தமக்கு ஒரு சொல்லும் வரவில்லையே என்பது அவருக்கு அறைக்குத் திரும்பிய பிறகே உறைத்தது. அந்தப் பெண்மணி ஆறுதலை எதிர்பார்த்துப் பேசவில்லை என்பதும் பிறகு விளங்கியது.

நான்காம் நாள் இரவு, கரையில் நின்றபடி கைப்பேசியில் அண்ணனை அழைத்தார். மலேசியாவில் அப்போது இரவு ஒன்பதரை மணி. நிலவு இல்லாத வானம். கலங்கரை விளக்கம் மட்டும் சுழன்று சுழன்று ஒளியை வீசிக்கொண்டிருந்தது.

“மண் எடுத்தாயா?” என்பதே அண்ணனின் முதற் கேள்வி.

“ஒருவர் எடுத்துக் கொடுத்தார், அண்ணே. ஆனால் அது நம் ஊர் மண் என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று புத்தூருக்கும் போனேன். வீடு கிடைக்கவில்லை.”

மறுமுனையில் நெடுநேரம் மூச்சின் ஒலி மட்டும் கேட்டது.

“நீ அதையே கொண்டுவந்து கொடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே” என்றார் அண்ணன்.

“தெரிந்திருக்காது, அண்ணே.”

மீண்டும் அமைதி. அவர் வருந்துகிறாரா, சினந்தாரா என்று அறிய முடியாமல் ஆசிரியை கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்து அண்ணனின் குரல் வேறு வகையாக ஒலித்தது.

“அலை கேட்கிறது. கரையிலா நிற்கிறாய்? அங்கே ஒரு விளக்கு உண்டே, இருக்கிறதா?”

“இருக்கிறது. எரிகிறது.”

“கப்பல் தட்டில் நின்று நான் அழுதுகொண்டே இருந்தேன். அப்பா அந்த விளக்கைக் காட்டினார். ‘ஒருமுறை வந்துவிட்டது, பார், அடுத்த முறை எத்தனையில் வருகிறது, எண்ணு’ என்றார். எனக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். இருபதில் வந்தது. அன்றைக்குத்தான் நான் இருபது வரை கற்றுக்கொண்டேன். நீ எண்ணு, பார்ப்போம்.”

ஆசிரியை எண்ணத் தொடங்கினார். நாற்காலியில் இருந்தபடி அண்ணனும் எண்ணினார். அவர்கள் இருபதை எட்டுவதற்குள் ஒளி இரண்டு முறை வந்து போயிற்று. மறுபடியும் எண்ணினார்கள். அப்போதும் அப்படியே.

“எண்ணிக்கை ஒத்துவரவில்லை, அண்ணே. இடையில் விளக்கை மாற்றியிருப்பார்கள்” என்றார் ஆசிரியை.

“இல்லை” என்றார் அண்ணன். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பாதான் என்னை எண்ணவிட்டு, விளக்கு வந்ததையெல்லாம் கணக்கில் சேர்க்காமல் விட்டிருப்பார். நான் இருபது சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.”

பல்லாண்டுகள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு எண் கற்பித்தவர் ஆசிரியை. எண்ணிக்கையில் தடுமாறும் பிள்ளைக்காகத் தாமும் பலமுறை அவ்வாறு காத்திருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத தந்தை நடுக்கடலில் நடத்திய அந்தப் பாடத்தை எண்ணியபோது அவருக்குக் கண்கள் கலங்கின. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. அவர் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஆவணி ஆயில்யம். அதிபத்த நாயனாருக்கு விழா. நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்த இந்தப் பரதவரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார். நாள்தோறும் வலையில் படும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவது அவருடைய நெறி. ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு மீனே வலையில் பட்டது, அதையும் விட்டார், வீடு வறுமையுற்றது. பிறகு ஒருநாள் பட்ட ஒரே மீன் பொன்னாலும் மணியாலும் ஆனதாய் இருந்தது. அதையும் கடலில் விட்டார். இன்றும் அந்நாளில் காயாரோகணர் கோவிலிலிருந்து இறைவன் கடற்கரைக்கு எழுந்தருள, படகில் சென்று பொன்மீன் விடும் சடங்கு நடைபெறுகிறது.

விழாவுக்குப் புறப்படுமுன் ஆசிரியை பெட்டியைத் திறந்து துணி முடிச்சை எடுத்தார். முதியவர் அன்போடு கொடுத்த மண். எறிய மனம் வரவில்லை. மாடிப்படியின் ஓரத்தில் வீட்டுக்காரர் வளர்த்த மல்லிகைத் தொட்டியில் அதைக் கொட்டிப் பரப்பி, ஒரு குவளை நீர் ஊற்றினார். துணியை உதறி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

கரையில் பெருங்கூட்டம். மீன்காரப் பெண்மணி புதுச்சேலை உடுத்து வந்து ஆசிரியைக்கு முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தார். நாயனாரின் படகு அலையைக் கடந்து சென்றது. பொன்மீனை விட்ட கணத்தை அத்தொலைவிலிருந்து காண முடியவில்லை. படகில் இருந்தோர் கை உயர்த்தியதும் கரை முழுவதும் வாழ்த்தொலி எழுந்ததே அதற்குச் சான்று. அந்த ஒலியினூடே பெண்மணி ஆசிரியையின் காதருகில் குனிந்து, “மண்ணை என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். “மல்லிகைக்குப் போட்டுவிட்டேன்” என்றார் ஆசிரியை. பெண்மணி தலையசைத்தார். பிறகு இருவரும் படகு திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றனர்.

மறுநாள் விடியுமுன் திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படும் பேருந்தில் ஆசிரியை ஏறினார். பையில் வஞ்சிரக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று இருந்தது. காசு வாங்க மறுத்து அந்தப் பெண்மணி கொடுத்தது. பேருந்து திருவாரூர்ச் சாலையில் மேற்கே திரும்பியபோது அவர் எதிர்ப்புற இருக்கைக்கு மாறிப் பின்னே நோக்கினார். வீடுகளுக்கு மேலே கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒருமுறை வந்து போயிற்று. அவர் எண்ணத் தொடங்கினார். அடுத்த ஒளி வருவதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன. அவர் நிறுத்தவில்லை, அண்ணனுக்குத் தந்தை காத்திருந்ததுபோலவே, அவசரமின்றி, இருபது வரை எண்ணி முடித்தார்.